நாற்பத்தோராவது மீட்டர்

நாள் 196. காலை 08:10

முதல் வீடு. காற்றழுத்தம் சரி. நீர் 412 லிட்டர். உள்வெப்பம் 22 டிகிரி. பதிவு செய்பவர் எஸ்தர் ராஜகனி, தகவல் தொடர்புப் பொறியாளர்.

எங்களுக்குப் பின் இங்கே வருபவர்கள் படிப்பதற்காகவே இந்தப் பதிவு. அதனால் ஒருமுறை விவரமாக எழுதிவிடுகிறேன். நிலவின் தென்துருவத்தில், வெயிலே படாத ஒரு பள்ளத்தின் விளிம்பில் இரண்டு கூடங்கள். ஆவணங்களில் அவற்றுக்கு நீளமான பெயர் உண்டு. நாங்கள் வீடு என்கிறோம். முதல் வீட்டில் நான் இருக்கிறேன். பூமியோடு பேசும் கருவி, காற்றைச் சுத்தம் செய்யும் இயந்திரம், இரண்டு விண்ணுடைகள், வெளியே போகும் ஒரே கதவு எல்லாம் இங்கேதான். இரண்டாம் வீட்டில் சுடலைமுத்து அண்ணாச்சி இருக்கிறார். மண்ணில் உறைந்த பனியை உருக்கி நீராக்கும் உலையைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் சாப்பிட இங்கே வருவார். நடுவில் எண்பத்தாறு மீட்டர் சுரங்கக் குழாய். எல்லாம் மூன்று மீட்டர் மண்ணுக்கு அடியில். கம்பியில்லா அலை அந்த மண்ணைத் தாண்டாது. ஆகவே வீட்டுக்கு வீடு ஒரே ஒரு செம்பு கேபிள்.

இன்று காலை அந்தக் கேபிளின் வேகம் ஆயிரம் மெகாபிட்டிலிருந்து நூற்றுக்கு இறங்கியிருந்தது. வீட்டுக்குள் வைஃபை வழக்கம்போல ஓடுகிறது. கம்பியில் மட்டும்தான் மந்தம். தரைநிலையத்துக்குப் புகார் அனுப்பினேன். அவசரம்: குறைவு.

நாள் 196. மாலை 15:30

தரைநிலையத்தில் பணியில் இருப்பவர் ஞானதுரை. நல்ல பையன் மாதிரி குரல். வயது முப்பத்தைந்து என்று ஒருமுறை சொன்னார்.

"மேடம், ஸ்விட்சை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்தீங்களா?"

"பாத்தாச்சு."

"போர்ட் மாத்திப் பாத்தீங்களா?"

"மாத்தியாச்சு. சின்ன கேபிள் ரெண்டையும் மாத்தியாச்சு. அந்தப் பக்கக் கம்ப்யூட்டரையும் மாத்தியாச்சு. எதுக்கும் அசையல."

இரண்டரை நொடி மௌனம். அது தூரம், யோசனை இல்லை.

"அப்ப சுவத்துக்குள்ள போற கேபிள்தான் மேடம்."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

நாள் 198. காலை 10:45

கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு இணைகள். ஆயிரம் வேகத்துக்கு எட்டும் வேண்டும். ஒன்று போனாலும் இரு முனைக் கருவிகளும் தங்களுக்குள் பேசி, நான்கு கம்பிகள் போதும் என்று நூற்றுக்கு இறங்கிவிடும். எனவே ஏதோ ஒரு கம்பி சரியில்லை.

இரு முனைகளிலும் இணைப்பியை வெட்டிவிட்டுப் புதிதாகப் போட்டேன். இரண்டாம் வீட்டில் அண்ணாச்சி டார்ச் பிடித்தார். அவர் மகள் பேச்சிக்கு ஏழாம் மாதம். அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

"புதன்கிழமை வளைகாப்பும்மா. அம்பாசமுத்திரத்துல மண்டபம் பிடிச்சாச்சு. எனக்கு வீடியோ மட்டும் நிக்காம வரணும். நீ பாத்துக்கோ."

ஒரு மணி நேரம் ஆயிரம் ஓடியது. பிறகு நூறு. பிறகு ஆயிரம். ஒவ்வொரு தாவலுக்கும் நான்கு நொடி இணைப்பே இல்லை. கேபிள்கள் வந்து சேரும் ஸ்விட்ச் பெட்டியில் விளக்கு மாறி மாறிச் சிமிட்டிக்கொண்டே இருந்தது.

வேகத்தை நூற்றிலேயே நிற்கும்படி கட்டிப்போட்டேன். விளக்கு நிலையாக எரிகிறது. தரைநிலையம் புகாரை முடித்துவிட்டது.

நாள் 203. பகல் 12:50

நூறு என்பது பெயருக்குத்தான். பாதிக்கு மேல் பிழை. பிழையானதெல்லாம் திரும்பத் திரும்பப் போகிறது. உண்மையில் கிடைப்பது ஏழோ எட்டோ. அதற்குள் உலைக் கட்டுப்பாடு, கேமரா, குரல், வீடியோ எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு போக வேண்டும்.

யார் அதிகம் எடுக்கிறார்கள் என்று பார்த்தேன். தரை அசைவு உணரிகள். நாற்பது இருக்கின்றன. இரண்டாம் வீட்டின் அடியிலும் சுரங்கத்தின் இணைப்புகளிலும் பதித்தவை. விடாமல் அளந்து அனுப்பிக்கொண்டே இருக்கும். இருநூற்று மூன்று நாளாக என் திரையில் அவை காட்டியது ஒரே சொல்: சரி. அசைவு வரம்பைத் தாண்டினால்தான் அது மாறும்.

காலை 11:52-க்கு அவற்றை முன்னுரிமைப் பட்டியலின் கடைசிக்குத் தள்ளினேன். வீடியோவை மேலே வைத்தேன். யாரிடமும் கேட்கவில்லை.

வளைகாப்பு முழுவதும் நிற்காமல் வந்தது. பச்சைக் கண்ணாடி வளையல்கள் எண்ணும்படி தெரிந்தன. அண்ணாச்சி அழைத்துச் சொன்னார்.

"பக்கத்துல நின்னு பாத்த மாதிரி இருந்துச்சும்மா. என்ன மந்திரம் போட்ட?"

உணரித் திரை: சரி.

நாள் 209. மாலை 17:20

வேகம் பத்து.

கம்பி எங்கே அறுந்திருக்கிறது என்று தூரம் சொல்லும் சோதனைக் கருவி இருக்கிறது. ஒரு துடிப்பை அனுப்பும், அது எங்கே முட்டித் திரும்புகிறது என்று கணக்கிடும். முதல் நாளே செய்திருக்க வேண்டும். பெட்டி சாமான்களுக்கு அடியில் இருந்தது. எடுக்கச் சோம்பல்.

பழுப்புக் கம்பி: 41 மீட்டரில் அறுந்திருக்கிறது. பழுப்பு வெள்ளை: 41 மீட்டர். பச்சை: 41 மீட்டரில் மோசம். ஆரஞ்சு: 41 மீட்டரில் மோசம்.

எல்லாம் ஒரே இடத்தில். எலி கிடையாது இங்கே. காலையில் போய்ப் பார்க்கிறேன்.

நாள் 210. காலை 09:26

கைக்கருவியில் எழுதுகிறேன். நிற்பது சுரங்கத்தில், 41-ஆவது மீட்டர்.

இங்கே ஒரு துருத்தி இணைப்பு இருக்கிறது. மண் சற்று அசைந்தாலும் குழாய் உடையாமல் நீண்டு சுருங்குவதற்காக வைத்த மடிப்புகள். அரை மீட்டர் வரை தாங்கும். மடிப்புகளைக் காணோம். இஸ்திரி போட்ட சட்டைபோல் தட்டையாக இருக்கிறது. கேபிளுக்கு இந்த இடத்தில் நாற்பது சென்டிமீட்டர் தளர்ச்சி விட்டிருந்தேன். நானே விட்டது. அது நேராகிவிட்டது. விரலால் தொட்டேன், வீணைத் தந்தி மாதிரி அதிர்ந்தது.

பழுது கேபிளில் இல்லை. இரண்டாம் வீடு நகர்கிறது. உலையின் சூடு அடியில் இருந்த பனியை ஆவியாக்கியிருக்கிறது. வீடு பள்ளத்தின் பக்கம் இறங்கிக்கொண்டிருக்கிறது.

உணரித் திரையைத் திறந்தேன். சரி என்று இருந்தது. கீழே சிறிய எழுத்தில் கடைசியாகத் தகவல் வந்த நேரம்: நாள் 203, 11:52.

நாள் 210. காலை 11:15

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

09:28. சுரங்கச் சுவரில் இருந்த பேசியில் அவரை அழைத்தேன்.

"அண்ணாச்சி, உடனே இங்க வாங்க. எதையும் எடுக்க வேண்டாம். வீடு இறங்குது."

"உலை முழு அழுத்தத்துல நிக்குதும்மா. அப்படியே விட்டா வெடிச்சிரும், ரெண்டு வீடும் போயிரும். ஆவியத் தொறந்துவிட்டுட்டு வாரேன். பத்து நிமிசம். நீ அங்க நிக்காத, போ."

விதிப்படி, பலவீனமான பகுதியில் தேவையில்லாமல் ஆள் நிற்கக் கூடாது. நான் முதல் வீட்டுக்குத் திரும்பினேன்.

09:37. சத்தம் இல்லை. காது அடைத்தது. துருத்தி கிழிந்து, சுரங்கத்தின் அழுத்தம் பதினோரு நொடியில் பூஜ்ஜியம். இரு முனைக் கதவுகளும் தாமாக மூடிக்கொண்டன. ஒன்பது நிமிடம் ஆகியிருந்தது. அவர் கதவுக்கு அந்தப் பக்கம் கையில் துண்டோடு நின்றிருந்தாராம். பிறகு, மிச்சமிருந்த வலை இணைப்பில் சொன்னார்.

அவருக்குக் காயமில்லை. விண்ணுடைகள் இரண்டும் இங்கே இருக்கின்றன. இரண்டாம் வீட்டுக்கு வெளிக்கதவோ காற்றை அடைத்துத் திறக்கும் முன்னறையோ கிடையாது, சுரங்கக் கதவு மட்டும்தான். அதைத் திறந்தால் வெற்றிடம். காற்றைச் சுத்தம் செய்யும் இயந்திரமும் இங்கே. அதன் குழாயும் அறுந்துவிட்டது. அவர் விடும் மூச்சே அறையில் சேரும். மூன்றரை நாள், அசையாமல் படுத்திருந்தால் நான்கு. அடுத்த கலம் வர பத்தொன்பது நாள்.

41-ஆவது மீட்டரிலிருந்து அவர் கதவுக்கு நாற்பத்தைந்து மீட்டர். ஓடியிருந்தால் இருபது நொடி. இரண்டு பேராக ஆவியைத் திறந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும்.

நாள் 210. மதியம் 14:05

மிச்சமிருந்த வலை இணைப்பும் இறந்துவிட்டது. எட்டுக் கம்பிகளையும் சோதித்தேன். ஐந்து போய்விட்டன, மூன்று இருக்கின்றன. அதில் இரண்டு நீல இணை. முழுதாக ஓர் இணை போதும், பழைய காலத்து டெலிபோன் மாதிரி பேசலாம். அவசர அட்டையில் இருக்கிறது: இணைப்பு அறுந்தால் நீல இணையில் கம்பிப் பேசிக் கருவியை மாட்டவும். இரண்டு வீட்டிலும் ஒன்று உண்டு. மாட்டிவிட்டுக் காத்திருந்தேன்.

பதினைந்து நிமிடம் கழித்து இரைச்சல். பிறகு குரல்.

"எம்மா. கேக்குதா?"

"கேக்குது அண்ணாச்சி."

"அட்டையத் தேடி எடுக்க நேரமாயிட்டு. சாப்டியா?"

இல்லை என்றேன். அவர் எடுத்துச் சாப்பிடச் சொன்னார். சாப்பிட்டேன். என்ன சாப்பிட்டேன் என்று நினைவில்லை.

நாள் 211. காலை 11:40

தரைநிலையத்தில் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து யோசிக்கிறார்கள். மணிக்கு ஒரு யோசனை அனுப்புகிறார்கள். நான் அவருக்கு வாசித்துக் காட்டுகிறேன். கதவுக்கு வெளியே கூடாரம் ஒட்டுவது. பசை அந்தக் குளிரில் பிடிக்காது. மேலே மண்ணைத் தோண்டிக் கூரையில் துளையிடுவது. துளையிடும் இயந்திரம் அவரோடு உள்ளே. ஒவ்வொன்றையும் பொறுமையாகக் கேட்டு, ஏன் நடக்காது என்று என்னைவிட முன்னால் சொல்லிவிடுகிறார். இருபத்தெட்டு வருடம் துளை போட்டவர்.

ஏழாவது யோசனைக்குப் பிறகு ஞானதுரை எனக்கு மட்டும் சொன்னார். "மேடம், அடுத்தது வர லேட் ஆகும்." அதன் பிறகு வரவில்லை.

நாள் 211. மாலை 16:30

அவரிடம் சொல்லிவிட்டேன். உணரிகளைக் கடைசிக்குத் தள்ளியதை. திரை ஏழு நாள் பழைய சொல்லைக் காட்டிக்கொண்டிருந்ததை. என் குரல் பராமரிப்பு அறிக்கை வாசிப்பது போல இருந்தது. அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.



"எனக்குத் தெரியும்மா."

"என்ன தெரியும்?"

"அன்னைக்கே பாத்தேன். என் திரையிலயும் அந்தப் பட்டியல் தெரியும்லா. உணரி கீழ போயிருந்துச்சு. வீடியோ மேல இருந்துச்சு. ஒன்னக் கூப்ட்டு, இது தப்பும்மான்னு சொல்லிருக்கணும். பேச்சி மொகம் அவ்வளவு தெளிவாத் தெரிஞ்சுது. நாளைக்குச் சொல்லுவோம்னு இருந்துட்டேன். மறுநாளும் அவ கூப்ட்டா."

பேசிக் கருவியை மறு காதுக்கு மாற்றினேன்.

"ரெண்டு பேரும்தான் பண்ணோம். தனியா எடுத்து வச்சுக்காத."

நாள் 212. பகல் 12:10

இன்று 13:00 மணிக்குப் பேச்சியை இந்த லைனில் இணைப்பதாக ஏற்பாடு. தரைநிலையம் அவளுக்கு நேற்றே சொல்லிவிட்டது. 11:58-க்கு அண்ணாச்சி பேசிக்கொண்டிருக்கும்போதே குரல் நின்றது. நீல வெள்ளைக் கம்பி அறுந்துவிட்டது. 41 மீட்டர். தரை இன்னும் நகர்கிறது.

விண்ணுடை போடுகிறேன். சுரங்கக் கதவை ஒட்டிய முன்னறையின் காற்றை வெளியேற்றிவிட்டுச் சுரங்கத்துக்குள் போக வேண்டும்.

நாள் 212. மதியம் 15:00

துருத்தி ஒரு பக்கமாகக் கிழிந்து, உள்ளங்கை அகலத்துக்கு வாய் திறந்திருந்தது. கேபிள் அதன் குறுக்கே. வெளியுறையை உரித்தேன். நீல வெள்ளையின் இரு முனைகளுக்கும் நடுவே மூன்று சென்டிமீட்டர். ஒரு துண்டுச் செம்புக் கம்பி கொண்டு போயிருந்தேன். இந்தக் கையுறையில் முறுக்க வராது. நான்கு முறை முயன்றேன். செம்பு குளிரில் விறைத்து வழுக்கியது. கடைசியில் துண்டின் ஒரு முனையை இடது கை விரல்களாலும் மறு முனையை வலது கை விரல்களாலும் கம்பியோடு சேர்த்து அழுத்திப் பிடித்தேன்.

தலைக்கவச வானொலி முதல் வீட்டு வழியாகத் தரைநிலையத்துக்குப் போகும். ஞானதுரை சொன்னார்.

"மேடம், லைன் வந்துருச்சு. அவங்க பேசுறாங்க. நான் விலகிக்கிறேன். நீங்க... உங்களால எவ்வளவு நேரம் பிடிக்க முடியும்?"

"அவங்க முடிக்கிற வரைக்கும்."

வெற்றிடத்தில் ஒன்றும் கேட்காது. ஒரு தகப்பனும் மகளும் பேசுவது என் விரல்களுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தது, எனக்குத் தெரியாது. நேர் எதிரே நாற்பத்தைந்து மீட்டரில் அவர் கதவு. அதில் தட்டு அளவு கண்ணாடி, உள்ளே வெளிச்சம். போய்ப் பார்க்கலாம். விரலை எடுத்தால் அறுந்துவிடும்.

ஐம்பத்திரண்டு நிமிடம். முப்பதாவது நிமிடத்தில் விரல்கள் மரத்தன. அதன் பிறகு பிடித்திருக்கிறேனா என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

"போதும் மேடம். முடிச்சிட்டாங்க. கைய எடுத்துருங்க."

எடுக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

நாள் 212. மாலை 18:20

மருத்துவப் பெட்டியில் பூட்டிக்கொள்ளும் இடுக்கிகள் இருந்தன, இரத்தக் குழாயைப் பிடிப்பவை. ஒன்றுக்கொன்று படாமல் கைப்பிடிகளில் டேப் சுற்றி எடுத்துப் போய்க் கம்பி முனைகளில் மாட்டினேன். இப்போது ஆள் இல்லாமலே லைன் நிற்கிறது.

பிறகு அவர் கதவு வரை போனேன். கண்ணாடியின் உள்பக்கம் நீர் பூத்திருந்தது. தட்டினேன். ஒரு கை வந்து துடைத்தது. முகம் சிவந்து வீங்கியிருந்தது. என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது. கேள்விதான், புருவம் உயர்ந்தது. நான் தலையாட்டினேன். அவர் திருப்தியாகிவிட்டவர் போலப் போய்ப் படுத்துக்கொண்டார்.

திரும்பி வந்து லைனில் கேட்டேன்.

"அண்ணாச்சி, அப்ப என்ன கேட்டீங்க?"

"எப்ப?"

"கண்ணாடி கிட்ட. நான் வந்தேன்லா."

"நீ வந்தியா?" நீண்ட மூச்சு. "தல ரொம்ப கனமா இருக்கும்மா."

எதற்கு ஆம் சொன்னேன் என்று இனித் தெரியப்போவதில்லை.

நாள் 213. காலை 09:00

பேசவில்லை. மூச்சு மட்டும் கேட்கிறது. நிமிடத்துக்கு முப்பது. கருவியைத் தலையணையில் வைத்திருக்கிறார் போல.

நான் பேசிக்கொண்டிருக்கிறேன். பேச விஷயம் தீர்ந்ததும் கையேட்டை வாசித்தேன். ஸ்விட்சை நிறுவும் முறை, பக்கம் ஒன்று முதல்.

நாள் 213. மாலை 16:44

மூச்சு கேட்கவில்லை. அவர் அறை விசிறி மட்டும்.

லைன் கோளாறோ என்று கருவியைக் கழற்றி மாட்டினேன். லைன் நன்றாக இருக்கிறது. இத்தனை நாளில் இவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை.

தரைநிலையத்துக்கு நேரம் மட்டும் அனுப்பினேன்.

நாள் 215. காலை 10:00

பேச்சி ஒரு செய்தி அனுப்பியிருக்கிறாள். ஞானதுரை கேட்டார். "போடட்டுமா மேடம்? திட்டல. அழுதுக்கிட்டேதான் பேசுறாங்க, ஆனா திட்டல."

பிறகு கேட்கிறேன் என்றேன்.

நாள் 221. காலை 09:15

காற்றழுத்தம் சரி. நீர் 388 லிட்டர். கலம் வர எட்டு நாள்.

இரண்டாம் வீட்டு விசிறி ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் மின்கலத்துக்கு ஆறு வருட ஆயுள். தரை ஒரு நாளைக்கு நான்கு மில்லிமீட்டர் நகர்கிறது. அதனால் தினமும் காலையில் விண்ணுடை போட்டுப் போய், இடுக்கியை நான்கு மில்லிமீட்டர் தள்ளி மாட்டிவிட்டு வருகிறேன். இல்லாவிட்டால் கம்பி அறுந்துவிடும். கதவு வரை போவதில்லை.

"மேடம், அந்த லைனை இனி விட்டுடலாமே. தினம் தினம் வெளிய போறது உங்களுக்கு ஆபத்து."

ஞானதுரை அனுப்பிய செய்தி. விண்ணுடையின் காற்றை நாளைக்கு நிரப்பி வைத்தேன்.

நாள் 228. காலை 09:40

துண்டுக் கம்பி தீர்ந்தது. பழைய கேபிளில் இருந்து புதிதாக ஒன்று வெட்டிக்கொண்டேன். மாட்டியாயிற்று. விசிறி கேட்கிறது.

நாளை கலத்தில் வருபவர்களுக்கு: வானொலியில் என்னை அழைக்க வேண்டாம், எடுக்க மாட்டேன். ஒரு காதில் பேசிக் கருவி இருக்கும், மறு காதை மூடிக்கொண்டிருப்பேன். அப்போதுதான் அந்தப் பக்கம் தெளிவாகக் கேட்கிறது. கதவைத் தட்டுங்கள். உள்ளே வந்ததும் சத்தமாகப் பேசாதீர்கள். சுவரில் இருந்து வரும் நீலக் கம்பி இரண்டும் காலில் படும்படி கிடக்கும், தாண்டி வாருங்கள்.